சத்தம் கேட்டால் கையைத் தூக்கவும்

"மேற்படி ஊழியர் அமைதியான சுபாவம் உடையவர். எந்நிலையிலும் உணர்ச்சிவசப்படாதவர். இருபத்தொன்பது ஆண்டுப் பணிக்காலத்தில் இவரால் எவ்விதச் சலசலப்பும் ஏற்பட்டதாகப் பதிவு இல்லை."

ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்யும் மூத்த ஊழியரைப் பற்றி அவருடைய மேலதிகாரி வருஷா வருஷம் எழுதும் குறிப்பு இது. வருஷத்தை மட்டும் திருத்துவார். அவருக்கும் ஆயிரம் வேலை. குறிப்பில் பொய் ஏதும் இல்லை, உண்மையும் இல்லை. அதிகாரி ஒரே ஒரு தடவை அந்த அம்மாளின் வயிற்றருகே காதை வைத்துக் கேட்டிருந்தால் பேனாவை மூடி வைத்திருப்பார். உள்ளே ஒரு முழுச் சந்தை நடந்துகொண்டிருந்தது.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் உஷ்ஷம்மா என்று பெயர். வெளி வராந்தாவில் பெஞ்சில் காத்திருப்பவர்கள் செருப்பைத் தேய்த்தாலும், வளையலைத் தள்ளிவிட்டாலும், கதவு ஒரு சாண் திறக்கும், ஒரு தலை வெளியே வரும், "உஷ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடும். சிலர் அதற்குப் பிறகு மூச்சைக்கூட யோசித்துத்தான் விட்டார்கள்.

அவளுடைய ராஜ்ஜியம் ஒரு பெட்டி. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த, குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் போலத் தடித்த கதவு போட்ட, ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய சின்ன அறை. உள்ளே நோயாளி காதில் ஹெட்ஃபோனுடன் உட்காருவார். வெளியே, கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம், இவள் குமிழைத் திருகி மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கதவைச் சாத்துமுன் சொல்வது ஒரே பாடம்தான்:

"சத்தம் கேட்டா கையத் தூக்குங்க. ரொம்ப லேசாக் கேட்டாலும் தூக்குங்க. கேட்டுச்சா கேக்கலையான்னு சந்தேகமா இருந்தாலும் தூக்குங்க."

ஒரு நாளைக்குப் பதினைந்து பேர் என்று வைத்தாலும், இருபத்தொன்பது வருஷத்தில் இந்த மூன்று வாக்கியங்களை அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தூக்கத்தில் எழுப்பாவிட்டாலும் சொல்வாள் என்று அவள் கணவர் சொல்லுவார்.

அந்தப் பெட்டியைப் பற்றி ஊருக்குத் தெரியாத ரகசியம் ஒன்று உண்டு. வெளிச்சத்தம் உள்ளே போகாதே தவிர, உள்ளே ஒரு மைக் இருப்பதால் உள்சத்தம் எல்லாம் இவள் காதுக்கு வந்துவிடும். தடித்த கதவைச் சாத்தியதும் உள்ளே இருப்பவர் தன்னை யாரும் கேட்கவில்லை என்று நம்பிவிடுவார். உடனே தோளைத் தொங்கவிட்டு ஒரு பெருமூச்சு. பிறகு ஏப்பம். பெரிய மனிதர்கள், கோட்டுப் போட்டவர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் எல்லாரும் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காற்றைப் பிரித்துவிட்டு மறுபடி நிமிர்ந்து உட்காருவார்கள். சிலர் காரணமே இல்லாமல் அழுவார்கள். ஒரு அம்மாள் "போதும்டா சாமி" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஊரில் பாதிப் பேரின் உள்ளூர்ச் செய்திகள் உஷ்ஷம்மாவுக்கு மனப்பாடம். ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

மூச்சு விடாததுதான் அவளுடைய சிறப்பே. பதினாலு வயதில், வகுப்பே கண்மூடி நின்ற பிரார்த்தனை நேரத்தில், பக்கத்துப் பெண் ஒருத்திக்கு சத்தத்தோடு நேர்ந்த ஒரு சிறு விபத்தும், அதற்காக அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் முடியும்வரை ஒட்டிக்கொண்ட பட்டப்பெயரும் அவளை ஒரு சபதத்துக்குத் தள்ளின. அன்று முதல் தும்மலை மூக்கைப் பிடித்து விழுங்கினாள். கொட்டாவியை உதட்டைத் திறக்காமலே முடித்தாள். ஏப்பத்தை வந்த வழியே திருப்பி அனுப்பினாள். மற்றதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது பிறக்கவே இல்லை என்கிற மாதிரி நடந்துகொண்டாள். ஆனால் உடம்பில் அரசாங்கத்தைப் போல இலாகா பிரிப்புக் கிடையாது. காற்றை அடக்குகிற அதே ஆள்தான் கண்ணீரையும் கவனித்துக்கொள்கிறான். ஒன்றுக்கு விடுப்புக் கொடுக்காதவன் மற்றதற்கும் கொடுப்பதில்லை.

இப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டது யாரை? காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவரை. விடியற்காலையில் மூட்டைமேல் ஏறி நின்று அவர் "ஒரு தரம்!" என்று ஆரம்பித்தால் சந்தையின் கடைசி வரிசையில் தூங்குகிற நாய் எழுந்து இடம் மாறும். "ஒருத்தர் காதைக் கெடுக்கறாரு, ஒருத்தங்க காதைப் பாக்கறாங்க. தொழில் நல்லா ஓடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணத்தன்றே சொல்லிவிட்டார்.

அவர் தும்மினால் எதிர்வீட்டுப் பூனை மேசைக்கடியில் புகும். சோம்பல் முறித்தால் ஏதோ பழைய கதவைத் திறந்ததுபோல இருக்கும். முட்டைக்கோஸ் சமைத்த நாளில், சாப்பிட்டு முடித்து நாற்காலியில் சாய்ந்தவர், ஒரு தொடையை லேசாகத் தூக்குவார். அடுத்து வரவேண்டியது வரும். உடனே ஏலக் குரலில், "ஒரு தரம்!"

மகள் தரையில் விழுந்து புரண்டு சிரிப்பாள். "ரெண்டு தரம் எங்கப்பா?"

"சரக்கு வண்டி வந்துட்டு இருக்கு. பொறு."

"உஷ்! சீ, கொழந்தை முன்னாடி பேசற பேச்சா இது?" என்பாள் இவள்.

"பேசினது நான் இல்லடி" என்பார் அவர்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு வயிற்றில் ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாகவே நடந்தது. டாக்டர் தினமும் காலையில் வந்து ஒரே கேள்வி கேட்பார்: "காத்து போச்சா?" குடல் மறுபடி வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அது போகிறவரை வாயில் ஒன்றும் போடக்கூடாது. வாழ்நாள் முழுக்க எதற்காகத் திட்டு வாங்கினாரோ அதற்காக ஒரு படித்த மனிதர் ஆவலோடு காத்திருப்பது அவருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "பாத்தியாடி, இதுக்கும் ஒரு மரியாதை இருக்கு" என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அது வந்தது. வார்டில் எல்லோரும் கண்ணயர்ந்திருந்த வேளை. அவர் முகம் கடை திறந்ததுபோல மலர்ந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, இருந்த குரலையெல்லாம் கூட்டி, "ஒரு தரம்!" என்றார்.

"உஷ்" என்றாள் இவள். "பக்கத்துல தூங்கறாங்க."

அவர் சிரித்தபடியே விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்குள் இதயம் நின்றுபோனது. அதற்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

ஓடிவந்த மகள் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்பா கடைசியா என்னம்மா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

எதைச் சொல்வது? அவர் சொன்னதையா, அதற்கு இவள் சொன்ன பதிலையா? இவளுக்கு வாய் வரவில்லை. கண்ணீரும் வரவில்லை. அன்றைக்கு எல்லோரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். சத்தம் போட்டு அழுத சொந்தக்காரர் ஒருவரைப் பழக்க தோஷத்தில் திரும்பிப் பார்த்தாள், அவர் அழுகையை நிறுத்திவிட்டார்.

மகள் அதே கேள்வியை மறுவாரம் கேட்டாள், மறுமாதம் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டாள். அம்மாவுக்கு அப்பாவைப் பிடிக்கவே இல்லை போலிருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்தவளைப்போலச் சாப்பாட்டு மேசையில் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தாள். மருந்துக் கம்பெனியில் வேலை அவளுக்கு. வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். மாதக் கடைசியில் கிளம்பவேண்டும். அதற்குள் சொல்லாவிட்டால் பிறகு எப்போதும் சொல்லப்போவதில்லை என்பது உஷ்ஷம்மாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சொல்ல வாயெடுத்தால் வயிறு பிடித்துக்கொண்டது.

வயிற்று டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்ல. ஆனா கல்லு மாதிரி இறுக்கி வெச்சிருக்கீங்க. யோகா மாதிரி ஏதாவது வகுப்புக்குப் போங்களேன்" என்றார்.

"நான் ஊருக்குப் போற வரைக்கும் கூட வரேன்" என்றாள் மகள், சுவரைப் பார்த்து.

யோகா வகுப்பு ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில். படியேறும்போதே ரப்பர் வாசனையும் கிரீஸ் வாசனையும் கூடவே ஏறும். கிழக்குச் சன்னல்களில் வெளுத்த மஞ்சள் திரை. காலை வெயில் அதில் வடிந்து அறை முழுவதும் பால் குறைந்த தேநீர் நிறத்தில் மிதக்கும். பதினேழு பாய்கள். சொல்லிக்கொடுத்தவள் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவள். முதுகு போனதால் யோகா கற்று, யோகா வந்ததால் பஸ்ஸை விட்டவள். டிரைவரக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஸ்டியரிங்கை விட்டாளே தவிர பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

"மூச்ச முழுசா வெளிய விடுங்க. உள்ள இருக்கறவங்க இறங்கினாத்தான் வெளிய நிக்கறவங்க ஏற முடியும். படியில யாரையும் தொங்கவிடாதீங்க."

யாராவது ஏப்பம் விட்டால், "ஆங், ஒருத்தர் இறங்கிட்டாரு, ரைட்!" என்பாள். மூட்டுகள் சொடுக்கும், வயிறுகள் உறுமும், காற்று பிரியும், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். விடியுமுன்னே அடுப்பு மூட்டிவிட்டு வருகிற பேக்கரியண்ணன் கடைசியில் சவாசனத்தில் படுத்தாரானால் குறட்டையில் தரை அதிரும். ஒரு நாள் கால்களை விரித்து முன்னால் குனிந்த ஒரு பெண் அப்படியே கவிழ்ந்து அழுதாள். டிரைவரக்கா கிட்டப் போகவில்லை. "நிதானமா அழுதுட்டு வாங்க. அடுத்த ஸ்டாப்புல ஏத்திக்கறோம்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களை நிமிரச் சொன்னாள்.

உஷ்ஷம்மாவுக்கு இது நரகமாக இருந்தது. பழகிய காது அல்லவா, எந்தப் பாயிலிருந்து எது வந்தது என்பது கண்ணை மூடியிருந்தாலும் தெரிந்தது. பெட்டியில் தனித்தனியாக வந்தது இங்கே கும்பலாக வந்தது. முழங்காலை வயிற்றோடு கட்டிக்கொள்ளும் பவனமுக்தாசனம் வந்தால், அதாவது காற்றை விடுவிப்பதற்கென்றே பெயர் வைத்த அந்த ஆசனம் வந்தால், அவளுக்குச் சொல்லிவைத்தாற்போல் தாகம் எடுக்கும். எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்விடுவாள்.

ஒரு நாள் டிரைவரக்கா பானையருகே வந்து நின்றாள்.

"எத்தனை வருஷமா அடக்கறீங்க?"

"எதை?"

"என்னத்தையோ."

"எனக்கு அந்தப் பழக்கம் இல்லைங்க."

"எந்தப் பழக்கம்? மூச்சு விடற பழக்கமா?"

அன்று ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது மகள் முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "அந்தம்மா எல்லார் முன்னாடியும் அழுதாங்களே, பாத்தியா? உனக்கு அதுக்குக்கூட வெக்கமாம்மா?"

"எனக்கு அழறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் இவள். தவறான பதில் என்பது சொல்லும்போதே தெரிந்தது.

ஸ்கூட்டர் இரண்டு தெரு தாண்டியது. "அப்பா செத்துட்டாரும்மா" என்றாள் மகள்.

மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை. பெட்டிகள் கட்டி முடிந்து கூடத்தில் வரிசையாக நின்றன. "இன்னிக்கும் போகணுமா?" என்றாள் இவள். "சொன்னா சொன்னதுதான். கடைசி நாள்வரைக்கும் கூட வரேன்னேன்ல" என்றாள் மகள்.

முதல்நாள் இரவு வீட்டில் மிச்சமிருந்த காயையெல்லாம் தீர்க்கவேண்டும் என்று மகள் சமைத்தது முட்டைக்கோஸ். வேண்டுமென்றே செய்ததில்லை. ஆனால் சமைக்கும்போது இருவருக்கும் ஒரே நினைவு வந்தது, இருவருமே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. வயிறு விடிய விடிய முனகியது. பவனமுக்தாசனம் வந்தபோது எழப்போன உஷ்ஷம்மா, மகள் பக்கத்துப் பாயிலிருந்து பார்த்த பார்வையில் மறுபடி படுத்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் முறையாக முழங்காலைக் கட்டிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டதால் ஒன்றும் நடக்கவில்லை. ஆபத்து தாண்டியது என்று நினைத்தாள்.

பிறகு சவாசனம். கண்மூடிக் கைகால் பரப்பிப் படுக்கவேண்டிய நேரம். "பிரேக்குலேர்ந்து கால எடுங்க. வண்டி தன்னால உருளட்டும்" என்றது டிரைவரக்காவின் குரல், எங்கேயோ தொலைவிலிருந்து. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஒரே சொல்லைச் சொன்னது. கீழே சைக்கிள்காரர் ஒரு சக்கரத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிச் சுண்டிப் பார்க்கிறார். ணிங். கொஞ்ச நேரம். ணிங். அவள் அறிந்த அந்த மெல்லிய ஒலிகள், ஒன்று இந்தக் காதில், ஒன்று அந்தக் காதில்.

அவள் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் உள்ளே உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. பஞ்சுச் சுவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவளுடைய நாற்காலியில், அவளுடைய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். சந்தைச் சட்டை. காதோரம் ஒரு வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. எந்தக் குமிழ் எதற்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் திருகிக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேட்டா கையத் தூக்குடி" என்றார் மைக்கில். "லேசாக் கேட்டாலும் தூக்கு."

அவள் காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவர் வாய் அசைகிறது, சிரிக்கிறார், தும்முகிறார், தோள் குலுங்குகிறது, ஆனால் இங்கே ஒரு துளிச் சத்தம் இல்லை. இவ்வளவு அமைதியை அவள் கேட்டதே இல்லை. ஏதாவது கேட்காதா என்று அவள் உடம்பு முழுவதும் காதாகிவிட்டது. ஏங்க, ஏதாவது ஒண்ணு, என்னவா இருந்தாலும் பரவாயில்ல. அடிவயிற்றில் எதுவோ முடிச்சவிழ்ந்தது.

அப்போது கேட்டது. தாழ்ந்த, நீண்ட, உருண்டையான ஒலி. ஆரம்பத்தில் சற்றுத் தயங்கி, நடுவில் நம்பிக்கை பெற்று, முடிவில் ஒரு கேள்விபோல மேலே ஏறி நின்றது. அவளுடைய கருவியில் இருநூற்றைம்பது ஹெர்ட்ஸ் என்று குறித்த இடத்துக்கு அருகில் இருக்கும். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கேட்டுடுச்சு! உஷ்ஷம்மா சந்தோஷமாக வலது கையை நேராக மேலே தூக்கினாள்.

கண் திறந்தது. மேலே மின்விசிறி. அதற்குக் கீழே, தேநீர் நிற வெளிச்சத்தில், தன்னந்தனியாக ஒரு கை. கை அவளுடையது. சத்தமும் அவளுடையது. எத்தனையோ பேர் ஓசைப்படாமல் நழுவிப்போகிற இடத்தில், கையைத் தூக்கி ஒப்புக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

"கேட்டுதும்மா" என்றாள் டிரைவரக்கா. "எறக்கிக்கோங்க. நம்ம வண்டியில கையத் தூக்கிட்டு எறங்கின மொத பயணி நீங்கதான்."

"யாரு? கடையத் தெறந்தாச்சா?" என்று பேக்கரியண்ணன் குறட்டையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

அறையில் சிரிப்பு அங்கங்கே கொதிக்க ஆரம்பித்தது. கை இறங்க மறுத்தது. இன்னும் இரண்டு நொடியில் எழுந்து ஓடியிருப்பாள், படியில் உருண்டாவது போயிருப்பாள். அதற்குள் பக்கத்துப் பாயிலிருந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, இருபது வருஷப் பழக்கத்தை அடக்கமுடியாமல், மகளின் குரல் முணுமுணுத்தது:

"ஒரு தரம்..."

உஷ்ஷம்மாவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. மூக்கு வழியாக வந்தது, பிறகு வாய் வழியாக, பிறகு தோள்கள் வழியாக. அப்படி ஒரு சத்தம் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது. பாதி வழியில் அது வேறாகிவிட்டது. எட்டு மாதமாகப் படியில் தொங்கிக்கொண்டிருந்ததெல்லாம் முண்டியடித்துக்கொண்டு இறங்கியது. மூக்கொழுக, பாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சந்தைக்கே கேட்கும்படி அழுதாள்.

மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, நான் சும்மா வெளையாட்டுக்குத்தான்... அம்மா!"

"அதாண்டி. அதத்தான் சொன்னாரு."

"யாரு?"

"உங்கப்பா. கடைசியா. ஆஸ்பத்திரியில. அவருக்குக் காத்துப் போச்சு, அப்படி ஒரு சந்தோஷம். 'ஒரு தரம்'னாரு. நான்..." அவளுக்கு விக்கல் வந்தது, அதையும் விழுங்காமல் விட்டாள். "நான் உஷ்ஷுன்னுட்டேன். ரெண்டாந்தரம் சொல்ல விடல."

மகள் பாயோடு நகர்ந்து கிட்டே வந்தாள். கீழே சைக்கிள்காரர் இன்னொரு கம்பியைச் சுண்டினார்.

"சத்தமாச் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"வார்டே முழிச்சுக்கற மாதிரி."

"சிரிச்சாரா?"

"நான் உஷ்ஷுன்னதுக்கு அப்புறமும் சிரிச்சாரு. இப்படி வெரல வெச்சுக் காட்டினாரு."

மகள் அம்மாவின் விரலையும் உதட்டையும் பார்த்தாள். முகம் கோணிக்கொண்டு போனது. அழுகையா சிரிப்பா என்று அவளே இன்னும் தீர்மானிக்கவில்லை. "இத எட்டு மாசமா என்கிட்ட சொல்லாம வெச்சிருந்தியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா?" என்று சொல்லி அம்மாவின் தோளில் ஒரு அடி போட்டு, அடித்த இடத்திலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"மத்தவங்கல்லாம் மூச்ச உள்ள இழுங்க" என்றாள் டிரைவரக்கா. "அவங்களுக்கு ரெண்டு ஸ்டாப் டைம் குடுங்க."

மறுநாள் மகள் கிளம்பித்தான் போனாள். மாற்றல் உத்தரவு அழுகையைப் பார்த்து ரத்தாகிற விஷயம் இல்லை. ஆனால் போனதிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்கிறாள். அம்மா பேச்சின் நடுவே தும்மினால், "ரெண்டு தரம்" என்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கதவு இப்போதும் ஒரு சாண் திறக்கிறது, தலை வெளியே வருகிறது, உஷ் என்கிறது. வேலை என்றால் வேலைதான். ஆனால் பாடத்தோடு இப்போது நாலாவதாக ஒரு வாக்கியம் சேர்ந்திருக்கிறது: "உள்ள மைக் இருக்கு, எல்லாம் எனக்குக் கேக்கும். ஆனா பரவால்ல, அடக்கிட்டு உக்காராதீங்க."

இந்த வருஷமும் மேலதிகாரி குறிப்பு எழுதினார். அமைதியான சுபாவம், உணர்ச்சிவசப்படாதவர், சலசலப்புப் பதிவாகவில்லை. வருஷத்தை மட்டும் திருத்தியிருந்தார்.

அவள் செய்தது இவ்வளவுதான்: ஒரு காலை, சைக்கிள் கடையின் மேல்மாடியில், எல்லோருக்கும் நடுவே காற்றுப் பிரித்தாள், கையைத் தூக்கினாள், அழுதாள், அவள் கணவர் கடைசியாகச் சொன்னதை மகளிடம் சொன்னாள்.